கூட்டத்துக்குள் ஒரு இருமல்

சிடியில் பாட்டு முடிந்து ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய இடத்தில் யாரோ இருமினார்கள். ராதாமணி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். தொண்டையைச் செருமி, இழுத்து இழுத்து, கடைசியில் சின்னதாக ஒரு முனகல். தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கி, அந்தத் தூசி நெஞ்சில் ஏறியவனின் இருமல். சித்திரையில் செத்துப்போன அவள் புருஷன் செண்பகராஜின் இருமல்.

அந்த சிடிப் பெட்டியை வாங்கி அனுப்பும்படி அவன் சிங்கப்பூர்ச் சிநேகிதனிடம் சொல்லிவைத்திருந்தான். வந்து சேர்ந்தபோது அவன் இல்லை. ஏதோ ஒரு வெள்ளைக்கார ராக் குழு முப்பது வருடமாக ஊர் ஊராக மேடையேறி வாசித்ததை, கூட்டத்தின் கூச்சலோடு பதிந்த சிடிகள். அவளுக்கு அந்தக் குழுவைக் கண்டாலே ஆகாது. பிரசவ வலியில் அவள் கதறியபோதுகூட அவன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றவில்லை. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள்தான் ஆட்டோ பிடித்தாள்.

"ஒவ்வொண்ணா ஓடவிட்டுப் பாருங்க மதினி. கீறல் இல்லேன்னா நானே எடுத்துக்கிடுதேன்" என்று கேசட் கடை நந்தகோபால் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் போட்டாள்.

சிடி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பதிந்த வருடம் 1968. அவன் பிறப்பதற்கு முந்தின வருடம்.

பிரமை என்று அடுத்ததைப் போட்டாள். வேறு ஊர், வேறு வருடம். வெளியே ஆடிக்காற்று கரிசல் புழுதியை அள்ளி ஜன்னலில் அறைந்துகொண்டிருக்க, ஸ்பீக்கர் துணியிலிருந்து அவன் சட்டையில் வரும் மருந்து வாடை மெல்லக் கசிந்து அடுப்படிவரை வந்தது. விசிலுக்கும் கூச்சலுக்கும் அடியில், தூரத்தில், அந்தக் குரல்.

"ஏட்டி ராதா."

வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் அவளை அவன் அத்தனை ஆசையாகக் கூப்பிட்டதில்லை.

மூன்றாவது சிடியில் குரல் மைக்குக்குப் பக்கத்தில் வந்திருந்தது. "இங்கன ஒரே கூட்டம். யாரையும் தெரியல. தனியா நிக்கேன். நீயும் வாட்டி."

அவளுக்குப் பயத்தைவிடக் கசப்புதான் முந்தியது. "தனியாவே நில்லுங்க. நான் நின்னேன்ல்லா?" என்று சொல்லி அணைத்தாள். பெட்டியை அலமாரிமேல் தூக்கிப் போட்டுவிட்டு நந்தகோபாலைக் கூப்பிட ஓடினாள். கடை பூட்டியிருந்தது.

திரும்பி வந்தபோது வாசலில் மகளின் செருப்பு கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூல். பெட்டி திறந்து கிடந்தது.

சத்யபிரியா அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன்.

"ஏட்டி, கழட்டு அத."

"அப்பா கூப்பிடுதாவம்மா." முகத்தில் சிரிப்பு. "கையப் பிடிச்சிக்கிடுதேன்னு சொல்லுதாவ."

"போகாத பிள்ள. கழட்டு."

பாய்ந்து பிடுங்கினாள். பிள்ளை அசையவில்லை. மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. உலுக்கினாள். கன்னத்தில் அறைந்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது.

ஹெட்போனைத் தன் காதில் வைத்தாள்.

கூட்டம். கடல்மாதிரிக் கூட்டம். நடுவில், மிதிபட்டு, ஒரு சின்னக் குரல்.

"அம்மா... அப்பா கைய விட்டுட்டாவ."

அடுத்த பாட்டு தொடங்கியது. ஆயிரம் கைகள் தாளம் போட்டன.

நாற்காலியில் இமைக்காமல் இருந்த சத்யபிரியாவின் கைகளும் அதே தாளத்தில் தட்டத் தொடங்கின.