பத்து நாற்பதுக்கு அவன் சொன்னதாகச் சொன்னது

இப்போதெல்லாம் யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை. ஒருவனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே "சரி, சரி" என்று கையை ஆட்டிவிட்டுப் போனைப் பார்க்கிறான். என்ன சரி என்று கேட்டால் முழிக்கிறான். கடைக்காரன் அப்படி, டாக்டர் அப்படி, பெற்ற பிள்ளை அப்படி. போலீஸ்காரன் இன்னும் ஒரு படி மேல். கேள்வியும் அவனே, பதிலும் அவனே, எழுதிக்கொள்வதும் அவனே. நடுவில் ஒரு நாற்காலியில் நம்மை உட்கார வைப்பது சும்மா ஒரு மரியாதைக்கு.

என் மருமகனை அப்படித்தான் உட்கார வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை, காலை 10.52. ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் சலவை ஆலை. நின்று கிடந்த மூன்றாம் நம்பர் இயந்திரத்தின் கதவிடுக்கில் நீராவி கசிவதைத் துணி வண்டி தள்ளுகிற பெண் பார்த்தாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்கள். உள்ளே பிட்டர், இயந்திரம் பழுது பார்க்கிறவர். ரப்பர் வளையம் மாற்ற உருளைக்குள் இறங்கியிருந்தவர். வெளியே இழுத்தபோது உயிர் இல்லை. அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல மாட்டேன். அவருக்கும் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

நீராவி தானாக வராது. பின்கட்டில் பாய்லர் அறை. அங்கே இருப்பவன் வால்வைத் திறந்தால்தான் வரும். திறந்தவன் என் மருமகன். அவனுக்கு முன்னால் அதே அறையில் முப்பத்தொரு வருஷம் அதே வால்வுகளைத் திறந்து மூடியவன் நான்.

சூப்பர்வைசர் அன்றே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். வேலைக்கு வந்து நாலு மாசம் ஆன, சட்டை கசங்காத ஆள். "பத்து நாற்பதுக்குப் போன்ல சொன்னேன். மூணுல ஆள் இறங்கியிருக்கு, தொடாதேன்னு சொன்னேன். பத்து நிமிஷத்துல திறந்துட்டான். ரெண்டு பேருக்கும் ஆகாது." ஆகாது என்பது உண்மை. முந்தின வாரம் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்காகக் கைகலப்பு. ஆலையே பார்த்தது.

சாயங்காலத்துக்குள் மருமகன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்றார்கள். டேப் இருக்கிறதாம். தெரிந்தே திறந்தேன் என்று அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறானாம். என் மகள் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வியாழக்கிழமை, காலை 9.40. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தான். மேலிடத்திலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார், டேப்பைக் கேட்கிறார், சத்தத்தில் வேலை செய்தவன் பேச்சு சில இடத்தில் புரியவில்லை, வீட்டாள் ஒருத்தர் வேண்டும் என்றான். மகளால் முடியாது. நான் போனேன்.

வாசலில் கான்ஸ்டபிள், "பெரியவரே, பையை வெளிய வைங்க" என்றான்.

"பையை வெளிய வெக்கிறேன்" என்று வைத்தேன்.

"ரெண்டாவது ரூம்."

"ரெண்டாவது ரூம்."

அந்த அம்மா கதவருகிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயசு இருக்கும். தோளில் துணிப்பை, காதில் பென்சில். மனுஷன் பேசுவதை வைத்து உண்மை பொய் கண்டுபிடிக்கிறவராம். மொழி ஆராய்ச்சியாம். மனசுக்குள் மொழிக்காரம்மா என்று பேர் வைத்துக்கொண்டேன். கிளி ஜோசியக்காரனையாவது நம்பலாம், கிளிக்குச் சம்பளம் கிடையாது.

"உக்காருங்கய்யா."

"உக்காருறேன்."

"நீங்களும் பாய்லர்ல இருந்தீங்களா?"

"முப்பத்தொரு வருஷம். அதுக்கென்ன?"

நாங்கள் பேசுவதைப் பிடிக்க ஒரு டேப்பை ஓடவிட்டு, மருமகன் டேப்பைப் போட்டார். இன்ஸ்பெக்டர் சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்கு இந்த அம்மா வந்ததே பிடிக்கவில்லை என்பது நிற்கிற தோரணையிலேயே தெரிந்தது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போயிற்று.

டேப்பில் இன்ஸ்பெக்டர் குரல்: "வால்வைத் திறந்தது நீ."

மருமகன்: "வால்வைத் திறந்தது நான்."

"உள்ள ஆள் இருந்தான்."

"உள்ள ஆள் இருந்தான்."

"தெரிஞ்சேதான் திறந்தே."

மருமகன் ரொம்பச் சன்னமாக, "தெரிஞ்சேதான்... திறந்தேன்."

"போதும், நிறுத்துங்க" என்றேன்.

"இப்ப முதல்லேருந்து கேளுங்க" என்று சுற்றி ஓட்டினார்.

"உக்காரு." "உக்காருறேன்." "கையை மேசை மேல வை." "கையை மேசை மேல வெக்கிறேன்." "தண்ணி குடி." "தண்ணி குடிக்கிறேன்." நடுவில் எங்கோ மருமகன், "போன் வந்துச்சு சார்" என்றான். "அதை அப்புறம் பேசலாம்" என்றார் டேப்பிலிருந்த இன்ஸ்பெக்டர்.

"நாற்பத்தோரு வாக்கியம் பேசியிருக்கார்" என்றார் மொழிக்காரம்மா. "முப்பத்தெட்டு இன்ஸ்பெக்டர் பேசினது. இவர் திருப்பிக் கொடுத்திருக்கார், அவ்வளவுதான். சொந்தமா பேசினது மூணே மூணு. மூணும் ஒண்ணேதான். போன் வந்துச்சு சார், போன் வந்துச்சு சார், போன் வந்துச்சு சார்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "நான் வாயில திணிச்சேங்கறீங்களா மேடம்?"

"நீங்க திணிக்கலை சார். அவர் வாங்கினதை அப்படியே திருப்பிக் கொடுக்கறவர். இந்தப் பெரியவரும் அப்படித்தான். வாசல்லேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்." என் பக்கம் திரும்பினார். "பாய்லர்ல உத்தரவு எப்படி வரும்?"

"போன்ல."

"வந்தா?"

"வந்தா திருப்பிச் சொல்லணும். அந்த இரைச்சல்ல ரெண்டு மூணாக் கேக்கும். நாம திருப்பிச் சொல்லாம மேல இருக்கிறவர் போனை வெக்கக்கூடாது. நான் சேர்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் வெந்து போயிருக்கான், அன்னிலேருந்து அப்படித்தான்." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. இரண்டு நாளாக வீட்டில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடுவதை யார் எண்ணுகிறார்கள்?

"பழக்கமா இருக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா வால்வு திறந்தது நிஜம். சூப்பர்வைசர் எச்சரிச்சதும் நிஜம்."

"அதை அவர்கிட்டயே கேப்போம்" என்றார் அந்த அம்மா.

11.30. ஆலை ஆபீஸ். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெஞ்சில். மேலே திறந்த தடுப்பு, எல்லாம் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை காலைலேருந்து பாய்லருக்கு என்னென்ன சொன்னீங்க? நீங்க சொன்னது, அவர் சொன்னது, அப்படியே வேணும்."

சூப்பர்வைசர் தடுமாறவே இல்லை. "எட்டேகால். ஒண்ணு திறன்னேன். ஒண்ணு திறக்கிறேன்னான். எட்டு இருபது, ரெண்டு திறன்னேன். ரெண்டு திறக்கிறேன்னான். எட்டு இருபத்தஞ்சு, மூணு திறன்னேன். மூணு திறக்கிறேன்னான். ஒன்பதரை, மூணு மூடுன்னேன். மூணு மூடுறேன்னான்."

"அப்புறம்?"

"பத்தேகாலுக்குச் சூடு ஆறினதும் பிட்டர் இறங்கினார். பத்து நாற்பதுக்குப் போன் பண்ணி, மூணுல ஆள் இருக்கு, தொடாதேன்னேன். சரிங்க சார்னான்."

"ஆள் இறங்கினா வால்வுல எச்சரிக்கைப் பலகை மாட்டணுமில்ல?"

"அனுப்ப நேரமில்ல. அதான் போன்."

"அதுக்கப்புறம் போன் எதுவும் போகலை?"

"போகலை."

"நன்றி."

அவ்வளவுதான் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்தவரிடம், "ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகலை, அதுக்குள்ள முடிச்சிட்டீங்க?" என்றேன்.

"உங்க பாய்லர் ரூமுக்கு அடுத்த சுவர் எது?"

"தேய்ப்பு ஹால்."

"வாங்க."

12.10. தேய்ப்பு ஹால். ஒன்பது பெண்கள். தலைவிக்கு வெண்கலம் என்று பேர் வைத்தவனே நான்தான், தொண்டை அப்படி. என்னைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்னண்ணே, போலீஸ்ல சேந்துட்டியா? தொப்பி எங்க?"

"வாயை மூடிக்கிட்டு அந்தம்மா கேக்கிறதுக்குப் பதில் சொல்லு."

"வாயை மூடிக்கிட்டு எப்படிப் பதில் சொல்றது? நீயே சொல்லிக் காட்டு."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "இவங்களை நான் அன்னிக்கே விசாரிச்சுட்டேன் மேடம். வித்தியாசமா சத்தம் எதுவும் கேக்கலைன்னுதான் சொன்னாங்க."

"வித்தியாசமா எதுவும் கேக்கலை" என்றாள் வெண்கலம். "கேட்டாத்தானே சொல்ல."

மொழிக்காரம்மா அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வழக்கமா என்ன கேக்கும்?"

"வழக்கமா என்ன, பாய்லர்க்காரன் தொண்டைதான். மணி அடிக்கும். ஒண்ணு திறக்கிறேன், ரெண்டு மூடுறேன்னு கத்துவான். காலைல ஒரு தடவை மூடினப்புறம் அவன் மறுபடி மூணு திறந்தா எங்களுக்குக் கடைசி லோடு வருதுன்னு அர்த்தம். அதை வெச்சுத்தான் நாங்க பதினோரு மணிச் சாப்பாட்டுக்கே கிளம்புறது."

"செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்குக் கிளம்பினீங்களா?"

"எங்க கிளம்ப? டப்பாவைக் கையில எடுத்தேன், அதுக்குள்ள அலறல்."

"டப்பாவை ஏன் எடுத்தீங்க?"

வெண்கலம் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். மற்ற எட்டுப் பெட்டிகளும் நின்றன.

"மணி அடிச்சுச்சு" என்றாள், முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி. "மூணு திறக்கிறேன்னு கத்தினான். அதனால எடுத்தேன்."

"அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி மணி அடிச்சுதா?"

"இல்லை. ஒன்பதரைக்கு மூணு மூடினதுக்கப்புறம் ஒரே ஒரு மணிதான். அந்த மணிதான்." மற்ற பெண்களைப் பார்த்தாள். ஒவ்வொருத்தியாகத் தலையாட்டினார்கள். "இதையா கேட்டீங்க? இது தினம் கேக்கிறதுதானே. யாரு இதைச் சத்தம்னு நினைச்சா?"

12.45. மறுபடி ஆபீஸ். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

"பத்து நாற்பதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"அதான் சொன்னேனே. சரிங்க சார்னு."

"அன்னிக்கு நாலு உத்தரவு கொடுத்தீங்க. நாலையும் அவர் திருப்பிச் சொன்னதை நீங்களே எனக்குச் சொன்னீங்க, யோசிக்காம. ஏன்னா அது காதுல விழுந்தது. அஞ்சாவது உத்தரவு ஒரு உயிர் சம்பந்தப்பட்டது. அதுக்கு மட்டும் சரிங்க சார்னாரா?"

"அவசரத்துல..."

"அவர் திருப்பிச் சொல்லாம நீங்க போனை வெக்கலாமா?"

"கூடாது."

"வெச்சீங்க."

சூப்பர்வைசர் மேசை மேலிருந்த பேனாவை நேராக வைத்தார்.

"அவரோட வாய்லேருந்து நீங்க அந்த வார்த்தையைக் கேக்கலை. எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு நீங்களா எழுதிக்கிட்டது அது. பத்து நாற்பதுக்குப் போனே இல்லை. போன் வந்தது பத்து அம்பதுக்கு. மூணு திறன்னீங்க. மூணு திறக்கிறேன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்பது பேர் கேட்டிருக்காங்க."

சூப்பர்வைசர் வாசல் பக்கம் பார்த்தார்.

"வண்டி வாசல்ல நின்னுச்சு" என்றார் கடைசியில். "ஆஸ்பத்திரிலேருந்து மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க. பிட்டர் மேல வந்துட்டார்னு நினைச்சேன்."

"உள்ள எட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"கதவைச் சாத்தினது?"

"நான்தான்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். என் பக்கம் பார்க்காமல், "எழுந்திருங்க" என்று அந்த ஆளிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை, காலை 11.00. மருமகனை விட்டுவிட்டார்கள். மகள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வேப்பமர நிழலில் நின்றாள். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார் இன்ஸ்பெக்டர். பாய்லர் வழக்கம் பற்றி நான் கொடுத்த சாட்சியாம். கையெழுத்துப் போட வேண்டுமாம்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று. "நான் எவருடைய தூண்டுதலுமின்றி, பூரண சுயநினைவுடன், மேற்படி தொழிற்சாலையின் நடைமுறைகளை நன்கறிந்தவன் என்ற முறையில்" என்று போனது.

"இதை நான் எப்பச் சொன்னேன்?"

"நீங்க சொன்னதுதான் பெரியவரே. எழுதறப்ப இப்படித்தான் எழுதறது."

"என் மருமகன் பேர்லயும் இப்படித்தான் எழுதினீங்க."

மொழிக்காரம்மா துணிப்பையை மாட்டிக்கொண்டு புறப்பட நின்றார். அவரிடம் கேட்டேன். "ஒண்ணு கேக்கிறேன். என் மருமகன் பாய்லர்ல இல்லாம காய்கறி வித்துக்கிட்டு இருந்தா? அடிச்ச பயத்துல ஆமா ஆமான்னு சொல்லியிருந்தா? உங்க டேப்பு என்ன பண்ணியிருக்கும்?"

"வேற ஏதாவது கிடைச்சிருக்கும்."

"கிடைக்கலைன்னா?"

அவர் அவசரப்படவில்லை. "தெரியலைங்கய்யா" என்றார்.

"அதை ஒரு தாள்ல எழுதி இவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று இன்ஸ்பெக்டரைக் காட்டினேன். "அப்புறம் நான் போடறேன்."

"நீங்க போடலைன்னா சூப்பர்வைசர் கேஸ் இழுக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் பேசினது டேப்புல இருக்கில்ல? ஜட்ஜையா காதால கேக்கட்டும். இது என் பேச்சில்ல."

தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன். பேனாவை மூடி இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலேயே செருகினேன். அந்த அம்மா பின்னால் கூப்பிட்டார், வண்டியில் கொண்டு விடுகிறேன் என்றார். நல்ல மனுஷிதான், இல்லை என்று சொல்லவில்லை. பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.