ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்

பதினோரு துண்டுகளும் சேர்ந்தால் முப்பத்தொரு நிமிடம் வரவேண்டும். ஒட்டி முடித்த வீடியோ முப்பத்து நான்கு என்று காட்டியது.

"எல்லாம் அந்த அண்ணனால வந்த வினை," என்று பல்லைக் கடித்தாள் தங்கை. கல்யாண வீடியோக்களை எடிட் செய்தே பிழைக்கிறவள் அவள். போனைக் குறுக்காகப் பிடி, எல்லாவற்றையும் ஒரே ஃபார்மட்டில் அனுப்பு என்று படித்துப் படித்துச் சொல்லியும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். பழைய கேமராவில் எடுத்தது ஒரு ஃபார்மட், போனில் எடுத்தது வேறு, அதிலும் பாதி நெட்டுக்குத்தல். ஐந்து மணிக்கு அம்மாவின் நினைவுக் கூட்டம்; அங்கே போடத்தான் இந்த வீடியோ. மைக் பிடித்து அழப்போகிறவன் அவன், ஒட்டுப் போடுகிறவள் இவள்.

கோபம் ஃபார்மட்டால் வந்ததல்ல என்று அவளுக்கே தெரியும். படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை இருவரும் வாரம் மாற்றி வாரம் பார்த்துக்கொண்டார்கள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீ பாரு," என்றிருந்தான் அண்ணன். ஞாயிறு விடிந்ததும் அவள் கிளம்பிவிட்டாள். ஞாயிறும் அவள் கணக்கு என்று நினைத்து அவன் திங்களன்று வந்தான். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே அம்மா தரையில் விறைத்துக் கிடந்தாள். தப்பு தன்னுடையது என்று அவன் வாயாலேயே இன்று சொல்ல வைக்கவேண்டும், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும். இல்லாவிட்டால் அவளால் இனித் தூங்க முடியாது.

எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபார்மட்டுக்கு மாற்றி மறுபடி ஒட்டினாள்.

இரண்டு மணி நேரம் என்று காட்டியது.

ஒட்டு விழுந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சனிக்கிழமை அவள் எடுத்த துண்டுக்கும், திங்களன்று உடலைக் கொண்டுபோனபின் அண்ணன் எடுத்த காலிக் கட்டிலுக்கும் இடையில் யாரும் எடுக்காத ஒன்று ஓடியது: திரைச்சீலை மூடிய அதே அறை, மின்விசிறியின் கிறீச்சு, தரையில் துணி இழுபடும் சத்தம், ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு திணறித் திணறி வாங்கிய மூச்சு. பார்க்கப் பார்க்க மருந்தும் மூத்திரமும் கலந்த அந்த நாற்றம் இங்கே, அவள் மேசையைச் சுற்றி ஏறியது.

"இன்னைக்கு யாரு முறை?" என்றது அம்மாவின் குரல்.

அண்ணனைப் போனில் அழைத்தாள். "என்னத்தக் கலந்து அனுப்பின? அறிவிருக்கா உனக்கு?"

"நான் ஒண்ணும் கலக்கல. ஏன் கத்துற? பின்னாடி யாரு பேசுறது?"

"அம்மா. அந்த ஞாயித்துக்கிழமை."

"அன்னைக்கு உன் முறை," என்றான்.

"என் முறை இல்ல! உன் முறை!"

திரையில் இழுபடும் சத்தம் நின்றது. தரையில் கிடந்த அம்மா மெல்லத் தலையைத் திருப்பினாள். மகளையே பார்த்தாள்.

இவள் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். நிற்கவில்லை. மீதி இருபத்தாறு மணி நேரம் என்றது. வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

சத்தம் நிற்கவில்லை.

கூடத்திலிருந்து வந்தது. ஒரு இழுப்பு. ஒரு மூச்சு. இன்னொரு இழுப்பு.

"பாப்பா," என்றான் அண்ணன், சின்னப் பிள்ளையின் குரலில். "என் கதவுக்கு வெளியில யாரோ..."

போனிலும் அதே இழுப்பு. அதே மூச்சு.

அவள் கதவைப் பார்த்தாள். பட்டப்பகல். கதவடி இடுக்கில் வெயில் கீற்று. அது மறைந்தது.

இடுக்கின் வழியே நான்கு விரல்கள் உள்ளே வந்தன. தரையைப் பிறாண்டிப் பிறாண்டி நகம் தேய்ந்துபோன விரல்கள்.