சிங்காரம் மாமாவின் இடது பக்கச் சக்கரம்

சிங்காரம் மாமாவுக்குக் கல்யாணம். பெண் வீடு விழுப்புரத்தில். "மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என் சொந்தக் கார்லதான் வருவேன்" என்று மாமா அங்கே மார்தட்டிவிட்டு வந்திருந்தார்.

அந்தக் கார் வெள்ளைக்காரன் காலத்து வண்டி. மாமா வாங்கியபோது அதற்குள் ஒரு கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. திண்டிவனத்தில் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, ஒரு வருடமாகத் தட்டித் தேய்த்து வண்ணம் பூசி, அதைப் பளபளவென்று ஆக்கிவிட்டார். சக்கரங்கள்தான் பாக்கி.

வலது பக்கச் சக்கரங்கள் சமர்த்தாகக் கழன்றன. துருவைச் சுரண்டி, நெளிசலை நிமிர்த்தி, புது டயரும் போட்டாயிற்று. இடது பக்கத்தில்தான் வம்பு. ஒரு நட்டுகூட அசையவில்லை. மாமா ஸ்பானர் மேல் ஏறிக் குதித்தார். அவருடைய குண்டு நண்பர் முருகையனும் ஏறிக் குதித்தார். ஸ்பானர்தான் வளைந்தது. ஊர்வலமோ நாளை மறுநாள்.

"பேஜாரு புடிச்ச நட்டு! உளி வச்சி வெட்டிட வேண்டியதுதான்" என்றார் மாமா.

"போல்ட்டு உடைஞ்சா என்னா பண்ணுவே? இந்த வண்டிக்கு மெட்ராஸ்லயே கிடைக்காதே!" என்றார் முருகையன்.

மாமா உளியைத் தேட ஆரம்பித்தார். அவருடைய அக்கா மகள் விசாலாட்சி ஓடிவந்து, சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பது அவள் அம்மாதான். பள்ளிக்கூடம் விட்டால் விசாலாட்சியும் அங்கேதான் இருப்பாள்.

"வெட்டாதீங்க மாமா. நட்டை எதிர்ப்பக்கமா சுத்திப் பாருங்க."

"அந்தப் பக்கம் சுத்தினா இறுகும். நான் எத்தினி நட்டு கழட்டியிருக்கேன்! எழுந்திரு, ஜல்தி!"

இவரிடம் வாயால் சொல்லிப் பயனில்லை என்று விசாலாட்சிக்குப் புரிந்துவிட்டது. முருகையனைத் தன் இடத்தில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"இந்த லெப்ட் பெடலைக் கழட்டுங்க, பார்க்கலாம்."

"இது ஒரு வேலையா?"

மாமா வழக்கம்போலத் திருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். வியர்வைதான் வந்தது, பெடல் வரவில்லை. விசாலாட்சி ஸ்பானரை வாங்கி எதிர்ப்பக்கம் ஓர் அழுத்து அழுத்தினாள். பெடல் கழன்று கையில் வந்தது.

"மிதிக்க மிதிக்க கழண்டுக்கக் கூடாதுன்னு இந்தப் பக்கம் மட்டும் திருகு மரையை எதிர்ப்பக்கமா மாத்தி வச்சிருக்காங்க மாமா. கார் சக்கரமும் சுத்திக்கினேதானே இருக்குது?"

மாமா வேறு ஸ்பானர் எடுத்து நட்டில் மாட்டினார். எதிர்ப்பக்கம் திருகினார். முருகையனும் கைகொடுத்தார். 'கிரீச்' என்று நட்டு நகர்ந்தது!

"அப்போ காலைலேர்ந்து நான் இதை இறுக்கிக்கினா இருந்தேன்?" என்றார் மாமா.

முருகையன் தொப்பை குலுங்கச் சிரித்தார். பிறகு மாமாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. விசாலாட்சிக்கு அப்போதுதான் நிம்மதியாக மூச்சு வந்தது. மீதி நட்டுகளை மூவருமாகக் கழற்றினார்கள். மறுநாளே அந்தச் சக்கரங்களும் புது டயரோடு ஏறின.

ஊர்வலத்தன்று விழுப்புரத்தில் மேளம் கொட்டியது. முருகையன் காரை ஓட்ட, அவர் பக்கத்து சீட்டுக்குச் சொந்தக்காரர்கள் முண்டியடித்தார்கள்.

"எல்லாரும் நகருங்க. அது விசாலத்தோட சீட்டு" என்றார் மாலை போட்ட மாமா. "வழியில சக்கரம் கழண்டா மெக்கானிக் வேணாமா?"

விசாலாட்சி பட்டுப்பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"அதெல்லாம் கழலாது மாமா. டைட்டு பண்ணதே நான்தான்!"