டெஸ்ஸுக்குப் பொருந்தும் முகமூடி

காலை ஏழு மணிக்குக் கச்சிதமாக இருந்த முகமூடி ஒன்பது மணிக்குப் பெரிதாகிவிட்டது.

ஷோனா முதலில் எலாஸ்டிக்கைத்தான் சந்தேகப்பட்டாள். மகளைச் சமையலறை மேசைமேல் உட்காரவைத்து, காதுப் பட்டைகளில் பக்கத்துக்கு ஒரு முடிச்சு போட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் முகமூடியின் ஓரங்களில் குவித்து அழுத்தினாள்.

"ஊது, டெஸ்."

டெஸ் ஊதினாள். இடது கன்னத்தின் பக்கமிருந்து சூடான காற்று ஷோனாவின் விரலில் பட்டது.

காற்று வெளியே வருகிற வழியில் புகை உள்ளே போகும். ஆறு வயது டெஸ்ஸுக்கு அது ஆகாது. போன கோடையில் இதில் பாதிப் புகைக்கே உதடு நீலம் பாரித்து ஆம்புலன்சில் போனவள். இன்னொரு தடவை இப்படி வந்தால் ஆஸ்பத்திரி வரை தாங்க மாட்டாள் என்று டாக்டர் சுற்றிவளைக்காமல் சொல்லியிருந்தார்.

மேற்கே மலைக்காடு மூன்று நாளாக எரிந்துகொண்டிருந்தது. கணவன் டேல் ஊர்க்காரர்களின் தீயணைப்பு வண்டியில் போய் இரண்டு இரவு ஆகிவிட்டது. கதவிடுக்குகளில் செருகிய ஈரத் துண்டுகளையும் ஜன்னல் ஓரங்களில் ஒட்டிய டேப்பையும் தாண்டி, யூகலிப்டஸ் எண்ணெய் தீய்ந்த வாடை எங்கிருந்தோ கசிந்து வந்து பாலிலும் ரொட்டியிலும் தலையணையிலும் ஏறியிருந்தது; தகரக் கூரையில் கருகிய இலைகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் யாரோ நகத்தால் தட்டிப் பார்ப்பதுபோல் கேட்டது; பாத்திரம் கழுவும் தொட்டிக்குமேல் விழுந்த வெளிச்சம் ஆரஞ்சிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

ஜன்னல் கண்ணாடி தடதடத்தது. பக்கத்து வீட்டு மெர்வ். கழுத்தில் ஈரத் துணி, முற்றத்தில் அவருடைய பின்பக்கம் திறந்த யூட் வண்டி உறுமிக்கொண்டு நின்றது.

"ஏம்மா, கல்யாணத்துக்கா அலங்காரம் பண்றே? ஏதாவது ஒண்ண மாட்டிக் கூட்டிட்டு வா. கடற்கரை ரோட்டைப் பத்தரைக்கு மூடறாங்க."

"ஓரத்துல இடைவெளி இருக்கு மெர்வ். இப்படியே வெளிய கொண்டுவந்தா வண்டி வரைக்கும்கூடத் தாங்கமாட்டா."

"உள்ள இருந்தா மட்டும்? சரி, பத்து நிமிஷம். அப்புறம் உங்க ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போயிடுவேன். என் முதுகு போச்சுன்னா நீதான் தைலம் தேய்க்கணும்."

மேசைமேல் இன்னும் நாலு முகமூடிகள் இருந்தன. மருந்துக்கடை நோலா கொடுத்தவை. "புகைக்கு நல்லதெல்லாம் பெரும்பாலும் பெரியவங்க அளவுலதான் வருது கண்ணு. அஞ்சு தினுசையும் கொண்டுபோ. எது கசியலையோ அதை வச்சுக்கோ" என்றிருந்தாள்.

கிண்ணம் மாதிரி இருந்ததை வைத்தாள். அதன் விளிம்பு ஏறக்குறைய காதைத் தொட்டது. நேற்று கன்னத்தோடு நின்றது அது. வாத்து அலகுபோல் நீண்டதை வைத்தாள். கீழ்விளிம்பு தாடைக்கு வெளியே தொங்கியது. மூன்றாவது, பாண்டா படம் போட்டது, மூன்று வயதுக்காரர்களுக்கு. எடுக்கும்போதே வேண்டாம் என்று நினைத்தது.

அது பொருந்தியது.

"ஊது." கசியவில்லை. "இன்னொரு தடவை." கசியவில்லை. ஷோனா சிரித்தேவிட்டாள். நீச்சல் கண்ணாடியை எடுத்து மகளுக்கு மாட்டினாள். இந்த ஊரில் புகை நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் அதுதான். பையைத் தோளில் போட்டாள்.

"அம்மா, கண்ணாடி ஆடுது."

"ஆடாது. நேத்து நான்தானே இறுக்கினேன்."

"ரெண்டு பக்கமும் எட்டிப் பாக்க வேண்டியிருக்கு. கண்ணு வைக்கிற ஓட்டை தூரமா இருக்கும்மா."

ஷோனா கண்ணாடியைக் கழற்றினாள். டெஸ்ஸின் வலது கண்ணோரத்தில் கடுகளவு மச்சம் ஒன்று உண்டு. பிறந்தபோதே இருந்தது. இப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது.

கண்தான் தள்ளிப் போயிருந்தது.

மச்சத்துக்கும் கண்ணுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் கன்னம். தலை அதே தலை. காதுகள் அதே காதுகள். நேற்று பின்னிய சடை அப்படியே. கண்களும் மூக்கும் வாயும் மட்டும், குளிருக்கு ஒடுங்குகிற மாதிரி, நடுவில் ஒன்றையொன்று நெருங்கி உட்கார்ந்திருந்தன.

மின்சாரம் போனது. குளிர்பெட்டியின் ரீங்காரம் நின்றதும்தான், அது அவ்வளவு நேரம் துணைக்கு இருந்தது தெரிந்தது. பத்து மணிப் பகல், ஜன்னலுக்கு வெளியே கறுப்பு.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டாள். பாண்டாவை மறுபடி வைத்து அழுத்தினாள்.

"அம்மா, அழுத்தாதே."

"ஊது."

கசிந்தது. எல்லாப் பக்கமும்.

டெஸ் இருமினாள். சின்ன இருமல். பிறகு அடுக்கடுக்காக. நெஞ்சுக்குள் விசில் ஆரம்பித்தது. அந்த விசிலை ஷோனா அறிவாள்.

வெளியே ஹார்ன் அலறியது. "ஷோனா! போதும் வா!"

கடைசி முகமூடி. கைக்குழந்தை அளவு. உள்ளங்கைக்குள் அடங்கியது. அதற்கும் உள்ளே தள்ளி இருந்தது வாய். சட்டைப் பொத்தான் அளவு வாய். அது திறந்து மூடியது. இருமியது. புகை அதற்குள் போவது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. நூல் மாதிரி.

முகமூடியோடு சேர்த்துக் கைகளால் மூடினாள். வேறு என்ன செய்வது? இரண்டு கைகளாலும். ஓரமே இல்லாமல். அழுத்தினாள்.

"வலிக்குது—"

"கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம். ஊது."

விரலிடுக்கில் காற்று.

அழுத்தினாள்.

"ஊது."

கொஞ்சம் காற்று.

"ஊது, கண்ணு."

இல்லை. கன்னத்தில் இல்லை. தாடையில் இல்லை. எங்குமே கசியவில்லை. விசிலும் நின்றிருந்தது.

ஷோனா கைகளை எடுத்தாள். முகமூடி நழுவித் தரையில் விழுந்தது. டார்ச்சை உயர்த்தினாள்.

நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே தோல். வழவழப்பாக. ஒரு சுருக்கமும் இல்லை.

அது மெல்ல உள்ளே ஒட்டியது. வெளியே உப்பியது. உள்ளே. வெளியே. இருமல் இல்லாமல், சீராக.

"இப்ப புகையே வரல அம்மா" என்றது தோலுக்கு உட்பக்கமிருந்து டெஸ்ஸின் குரல். "போலாமா?"

மெர்வ் முன்கதவை உதைத்துத் திறக்கும் சத்தம் கேட்டது. மேசைமேல் உட்கார்ந்திருந்த குழந்தை அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பியது.