பதிவில் ஏறாத கை

"பெனிட்டா, கோமதியோட பதிவு திறக்க மாட்டேங்கு. ரத்தமும் நிக்கல. என்னன்னு பாரு, சீக்கிரம்!"

ஒலிபெருக்கியில் டாக்டர் ஆவுடையம்மாளின் குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கிப் பெனிட்டா கேட்டதே இல்லை. பாளையங்கோட்டையில் இருந்த அந்த மருத்துவமனையில் அவள் பதிவுப் பொறியாளர். பிரசவ அறைக்கும் அவள் இருக்கைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர்தான். அதன் வழியே பார்த்தாள். குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் அழவில்லை. தாயின் கட்டிலுக்குக் கீழே தரை சிவந்துகொண்டிருந்தது.

அந்நாளில் ஒவ்வொருவர் கழுத்தெலும்புக்குக் கீழும் புளியங்கொட்டை அளவில் ஒரு நாடிக்காவலன் இருந்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, சுரப்பிகள், மூச்சு, எல்லாம் அதன் பொறுப்பு. மாரடைப்பு என்ற சொல்லுக்குப் பிள்ளைகள் அகராதியில் பொருள் தேடினார்கள். அது செய்ய வேண்டியதெல்லாம் அவரவர் உடற்பதிவில் இருக்கும். ஒரே பதிவை இரண்டு மருத்துவர்கள் ஒரே நேரத்தில் திருத்தி, மருந்து இரட்டிப்பாகிச் சிலர் இறந்த பிறகு, ஒருவர் திறந்தால் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். பதிவில் இல்லாத மருந்தை ஊசியில் ஏற்றினால், நாடிக்காவலன் அதை நஞ்சென்று கருதி முறித்துவிடும்.

பெனிட்டா பூட்டின் காரணத்தைத் தேடினாள். கிடைத்தது.

தொப்புள்கொடியை வெட்டியதும் குழந்தைக்கு நாடிக்காவலன் பொருத்தியிருந்தார்கள். மூச்சைத் தொடங்கிவைக்கக் குழந்தையின் பதிவு திறந்தது. அதற்குத் தாயின் பதிவிலிருந்து விவரம் வேண்டும். அதே நொடியில், கர்ப்பம் முடிந்ததென்று குறிக்கத் தாயின் பதிவும் திறந்தது. அதற்குக் குழந்தையின் பதிவு வேண்டும். தன்னுடையதை விடாமல், எதிரே உள்ளதற்காக இரண்டும் காத்திருந்தன. யுகம் முடியும்வரை காத்திருக்கும்.

"டாக்டர், ரெண்டும் ஒண்ண ஒண்ணு பிடிச்சிட்டு நிக்கி. ஒண்ண ரத்து பண்ணாத்தான் இன்னொண்ணு நகரும்."

"ரத்து பண்ணா?"

"பழைய நிலைக்குப் போயிரும். பிள்ளைக்குப் பழைய நிலைன்னே ஒண்ணும் இல்ல. கருவி நின்னுரும்."

"கோமதிக்கு?"

"காலைல இருந்த நிலை. இன்னும் கர்ப்பமா இருக்கான்னு கருவி நினைக்கும். கர்ப்பப்பையைச் சுருங்க விடாது. திரும்பத் திறக்க ஏழெட்டு நிமிஷம் ஆகும்."

கருப்பை சுருங்காவிட்டால் இரத்தம் நிற்காது. அது இருவருக்கும் தெரியும்.

பெனிட்டாவின் அறைக் கதவுக்கு வெளியே கோமதியின் கணவன் இசக்கிமுத்து கண்ணாடியைத் தட்டினான். "எம்மா, உள்ள என்னம்மா நடக்கு? பிள்ளை ஏன் அழல?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் விரல் அசையாது என்று பயந்தாள்.

"தாயோடத ரத்து பண்ணு," என்றார் ஆவுடையம்மாள். "நான் பாத்துக்கிடுதேன்."

பெனிட்டா ஆணையை அழுத்தினாள். குழந்தையின் மார்பு விம்மியது. பிறகு ஒரு கீச்சுக்குரல். கட்டிலருகே ஆவுடையம்மாள் ஒரு கையை முட்டியாக்கி உள்ளே செலுத்தி, மறு கையால் அடிவயிற்றை அழுத்தி, கருப்பையை இரண்டுக்கும் நடுவே நசுக்கிப் பிடித்தார். தோள்கள் நடுங்கின. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அவர் கையை எடுக்கவில்லை. பதிவு மீண்டும் திறந்து மருந்து ஏறும்வரை எடுக்கவே இல்லை.

கோமதி பிழைத்தாள்.

மறுவாரம் தலைமையகத்திலிருந்து பெனிட்டாவுக்குப் பாராட்டு வந்தது. தாய், சேய் பதிவுகள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டால் என்ன செய்வதென்று, எல்லாப் பதிவுகளையும் ஆளும் நடுவண் பதிவகக் கணினிக்கு அதுவரை தெரியாதாம். அவள் செய்ததிலிருந்து அது கற்றுக்கொண்டதாம். 'தாயின் பதிவை ரத்து செய்க. விளைவு: இருவரும் நலம்.' இனி மனிதர் யாரும் தடுமாற வேண்டாம். நாடு முழுவதும் இதுவே தானியங்கி விதி.

அவள் மீண்டும் மீண்டும் படித்தாள். ரத்து செய்தது இருந்தது. மருந்து ஏறியது இருந்தது. நடுவில் டாக்டரின் கை எங்கும் இல்லை. கருவிகள் அதைப் பார்க்கவேயில்லை.

பதறிப்போய் விதியைத் திறந்தாள். அவளுக்குத் திருத்தும் உரிமை இருந்தது. திரை மறுத்தது:

'இவ்விதி பயன்பாட்டில் உள்ளது. முடிந்தபின் திருத்தலாம். பயன்படுத்தும் இடம்: தருமபுரி, பிரசவ அறை.'

அந்த மருத்துவமனையின் எண்ணைத் தேடி அழைத்தாள். நெடுநேரம் கழித்து ஓர் ஆண்குரல் கேட்டது.

"ஐயா, டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க! அந்தம்மா கர்ப்பப்பையைக் கையால அமுக்கிப் பிடிக்கணும். விடவே கூடாது!"

"டாக்டரா? இங்க ஏதும்மா டாக்டரு? பிரசவமெல்லாம் மிஷினுதான் பாக்குது. நான் வாட்ச்மேன்."

"உள்ள போய்ப் பாருங்கய்யா! அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"பிரசவம் முடியறவரைக்கும் கதவு தெறக்காதும்மா. பூட்டிக்கும்."

திரையில் தருமபுரி மறைந்தது. அங்கே முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்று திரை சொல்லவில்லை. பெனிட்டா விதியை அழிக்க விரலைக் கொண்டுபோனாள். தொடுவதற்குள் அந்த இடத்தில் இன்னொரு ஊரின் பெயர் வந்து நின்றது.