அமீனாவுக்கு ஒரு கப் டீ

டிங்... டாங்!

லொரெய்ன் அலறவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அலறினால் வாசலில் நிற்கும் கோர்ட் அமீனாவுக்குக் கேட்டுவிடும். சமையலறைக்குப் பின்னால், மீன் கம்பெனியின் பெரிய ஃப்ரீசருக்குள் படுத்திருக்கும் அவள் புருஷன் நெவிலுக்கு மட்டும்தான் கேட்காது.

அவன் செத்து மூன்று நாளாகிறது!

கிரிம்ஸ்பி துறைமுகத்தில் நெவில் நடத்திய மீன் கம்பெனி நொடித்து, போன மாதம் இழுத்து மூடப்பட்டுவிட்டது. மிச்சமிருந்த வீட்டையும் அடகு வைக்கக் கையெழுத்துப் போடச் சொன்னான். லொரெய்ன் இரும்பு வாணலியால் பதில் சொன்னாள். கொஞ்சம் அழுத்தியே சொல்லிவிட்டாள்!

"மிஸஸ் பிக்கர்ஸ்கில்! நான் கிளைவ். கம்பெனி கடன் விஷயமா வந்திருக்கேன். கதவைத் திறங்க!"

"முடியாது தம்பி! நானா கதவைத் திறந்து விடாம நீ உள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. சட்டம் எனக்கும் தெரியும்!"

"அதனாலதான் வாசல்லயே நிக்கறேன். உங்க வீட்டுக்காரரையாவது கூப்பிடுங்க."

"அவரு... ஸ்பெயினுக்குப் போயிருக்காரு!"

"கார் இங்கயே நிக்குதே?"

"பிளேன்ல போறவருக்குக் கார் எதுக்குப்பா?"

ஓடிவிடலாமா? ஓடினால் ஃப்ரீசரை யார் காப்பது? இந்த அமீனா முந்தாநாளும் வந்தான், நேற்றும் வந்தான். ரொட்டி தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகக்கூட வழியில்லை. சொந்த வீடே எலிப்பொறியாகிவிட்டது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

திரையை விலக்கிப் பார்த்தாள். கிளைவ் குடையில்லாமல் தொப்பலாக நனைந்து நின்றான். தும்மினான். நகரவில்லை. திட்டவுமில்லை. திட்டியிருந்தால் லொரெய்ன் சமாளித்திருப்பாள்.

"ஒரு... டீ குடிக்கிறியா தம்பி?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மழையில் ஒருத்தன் வாசலில் நின்றால், அந்த ஊரில் நாக்கு தானாகவே அதைக் கேட்டுவிடும். கேட்டபின் கொடுக்காமல் இருப்பது கொலையைவிட மோசம்!

கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் கதவை லேசாகத் திறந்தாள். இடுக்கில் கோப்பை நுழையவில்லை.

சங்கிலியைக் கழற்றினாள்...

"உள்ள வரலாமா மேடம்?"

"ம்... காலைத் துடைச்சிட்டு வா."

போச்சு!

கிளைவ் டீயை உறிஞ்சியபடி சோபாவையும் டி.வி.யையும் பார்த்தான்.

"பயப்படாதீங்க. இதெல்லாம் உங்க சொத்து. கம்பெனியே செத்துப்போச்சு. அதோட கடனுக்கு உங்ககிட்ட எதையும் எடுக்க முடியாது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"இதைச் சொல்லவா மூணு நாளா பெல் அடிச்சே? வாசல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"கடன் விஷயத்தைத் தெருவுல கத்தினா உங்க மானம் போயிடாதா மேடம்?"

லொரெய்னுக்கு அழுகையே வந்துவிட்டது. விடுதலை!

"ஆமா... உள்ள ஏதோ உர்ருங்குதே?"

"ஃப்... ஃப்ரீசர். என்னோடதுதான்!"

அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டான்.

"கம்பெனி பேர் போட்டிருக்கே? மன்னிக்கணும் மேடம். செத்த கம்பெனி விட்டுட்டுப் போன சொத்து சட்டப்படி நம்ம நாட்டு ராஜாவுக்குச் சேரும். இனி இது ராஜாவோட பெட்டி. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்."

"வெறும் மீன்தான் தம்பி... வேண்டாம்!"

"மீனும் ராஜாவோடதுதான்!"

மூடி திறந்தது. கோப்பை தரையில் விழுந்து சிதறியது.

"மே... மேடம்! இது... இவரு...?"

லொரெய்ன் நாற்காலியில் சரிந்து, மூன்று நாளாக அடக்கிவைத்த மூச்சை விட்டாள்.

"கம்பெனி டைரக்டர். அதுவும் கம்பெனி விட்டுட்டுப் போன சொத்துதானே? ராஜாவையே எடுத்துக்கச் சொல்லு... இந்த ஆளோட நான் மாரடிச்சது போதும்!"