உப்பளச் சாலையின் பசி

"மேடம், ரோட்டுக்கும் பசிக்கும். சாப்பாடு கெடைக்கலன்னா செத்துரும். இத மட்டும் உள்ள போயி சொல்லிருங்க," என்றார் உதவிப் பொறியாளர் முத்துமாலை. மாமன்றக் கூட்ட மணி அடித்துவிட்டது. இருபத்தேழாவது வார்டு கவுன்சிலர் எஸ்தர் நவமணி கதவருகே நின்று கேட்டுக்கொண்டாள்.

எட்டு வருடமாக அந்த நகரத்தில் குண்டும் குழியும் கிடையாது. உயிர்த்தார் வந்ததும் பழைய ரோடு கான்டிராக்டர்கள் வேறு பிழைப்புப் பார்க்கப் போய்விட்டார்கள். தாருக்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள். காலும் சக்கரமும் மேலே அழுத்த அழுத்த, அடியில் குழாயில் ஓடும் ஊட்டச்சாறு அவற்றுக்கு ஏறும். அவை பெருகி விரிசலைத் தாமே மூடிவிடும். மிதித்தால்தான் சாப்பாடு. மிதிப்பது யாரென்று எடையையும் நடையையும் வைத்தே கண்டுபிடிக்கும் சாமர்த்தியமும் அந்தத் தாருக்கு உண்டு.

அந்தச் சாமர்த்தியம்தான் வினையாகிப் போனது. சாறு வாங்கக் காசில்லை என்று மேயர் 'தடக்கட்டணம்' கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு மிதிக்கும் கட்டணம்!

"கட்டணம்னா சனங்க ரோட்ட விட்டு எறங்கிரும் மேடம். ஒங்க ரோடு சதுப்புல நிக்கி. மொதல்ல அதான் போவும். நான் அதிகாரி, உள்ள வாயத் தொறக்க முடியாது."

உப்பளம் நவமணியின் வார்டு. உப்பளத்து நானூறு வீடுகளுக்கும் ஊரோடு அந்த ஒரே சாலைதான். தோண்டினால் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் காலை லாரியில் வந்தால்தான் உண்டு. சாலை போனால் லாரி வராது.

ஆனால் அன்று கர்த்தர் கண் திறந்திருந்தார். முகூர்த்த நாள்; ஆளுங்கட்சியில் நாலு பேர் கல்யாணப் பந்தியில் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தாள். அவர்கள் இருபத்தைந்து, நவமணியின் எதிர்க்கட்சி இருபத்தாறு. பேசக்கூட வேண்டாம், உட்கார்ந்து கையைத் தூக்கினாலே தீர்மானம் தோற்றுவிடும்.

உட்காரத் தெரிந்த கட்சியா அது?

"கூச்சல் போடத் தெரிஞ்ச கட்சிக்கு நிர்வாகம் தெரியுமாவே?" என்று மேயர் சிரித்ததுதான் தாமதம். எதிர்க்கட்சிக் குழுத் தலைவர் பிச்சைக்கண்ணு துள்ளி எழுந்தார். தீர்மான நகலைக் கிழித்து வீசினார். "இந்த அவமானத்தக் கண்டிச்சு வெளிநடப்பு!"

"அண்ணாச்சி, உக்காருங்க! நாமதான் ஒரு ஆளு கூட! இருந்தாலே செயிச்சிரலாம்!" நவமணி அவர் சட்டைக் கையையே பிடித்துவிட்டாள்.

"வெளிய டிவிக்காரன் நிக்கான். பெறகு பாத்துக்கிடலாம்மா."

இருபத்தைந்து பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். தனியாக உட்கார்ந்தால் கட்சியை விட்டு நீக்கிவிடுவார்கள். அடுத்த முறை சீட்டு கிடையாது. இருக்கவா, போகவா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ள, பழகிய கால்கள் முந்திக்கொண்டன. வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே மேசை தட்டும் சத்தம் கேட்டது. எதிர்ப்பின்றி நிறைவேறிவிட்டது.

முத்துமாலை சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. உப்பளத்துச் சனம் சாலையை விட்டுவிட்டுப் பாத்தி வரப்பில் வரிசையாக நடந்தது. இரண்டாம் வாரம் சாலை வெளிறியது. நாலாம் வாரம் தண்ணீர் லாரியின் முன்சக்கரம் புதைந்தது. டிரைவர் லாரியை ஒருவழியாகப் பின்னால் எடுத்து, "இனி இந்தப் பக்கம் தலவச்சும் படுக்க மாட்டேன்," என்று போய்விட்டான். அதன்பின் வரப்பு வழியே ஊருக்கு நடந்து குடத்தில் சுமந்ததுதான் தண்ணீர்.

"பத்து நாளு, தெனம் நூறு பேரு மிதிச்சா உசுரு திரும்பிரும் மேடம்," என்றார் முத்துமாலை.

நவமணி வீடு வீடாக ஏறி இறங்கினாள். "ஒங்க காலுல விழுதேன், ரோட்டுல நடங்க!"

உப்பு வாரும் செல்லக்கிளி குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கு நீங்க எந்திரிச்சு வெளிய போனீங்கள்லா? அதான் நாங்களும் செய்யுதோம். ஒங்களுக்கு ஒரு நாயம், எங்களுக்கு ஒரு நாயமாக்கா?"

நவமணி தனியாளாகச் சாலையில் இறங்கி நடந்தாள். தினமும் காலையிலிருந்து உச்சிவெயில்வரை, போவதும் வருவதுமாக. குதிகால் வெடித்தது. பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். மாமன்றக் கூட்டத்துக்கும் போகவில்லை. போயும் பயனில்லை, கட்சி ஒரு மாதத்துக்குப் புறக்கணிப்பு அறிவித்திருந்தது.

பதினோராம் நாள் தாகம் ரோஷத்தை ஜெயித்தது. குடங்களோடு செல்லக்கிளி முதலில் சாலையில் ஏறினாள். பின்னாலேயே கிழடு கட்டை, கைப்பிள்ளைக்காரி என்று இருநூறு பேர். "நீங்க ஒத்தையில நடக்கது பாக்கச் சகிக்கலக்கா! இந்தா, மிதிக்கோம்!" நவமணி தெருவென்றும் பாராமல் அழுதாள்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. மறுமுனையில் முத்துமாலை.

"மேடம், காலைல ஒரு தீர்மானம். பத்து நாளா ஒங்க ரோட்ட ஒரே ஒரு ஆளுதான் மிதிச்சிருக்காம். தாரே கணக்குச் சொல்லிருக்கு. ஒத்த ஆளுக்கு எதுக்கு ரோடுன்னு சாறு வார கொழாய அடச்சிட்டாங்க. எதுத்துச் சொல்ல அவையில ஒரு ஆளு இல்ல."

"ஐயோ, இப்ப எரநூறு பேரு நடக்காங்களே!"

"மொதல்ல எறக்குங்க மேடம்! சாறு இல்லாம மிதிச்சா தார் ஒடஞ்சிரும். கீழ சதுப்பு!"

நவமணி கையை வீசிக்கொண்டு ஓடினாள். "எறங்குங்க! வரப்புக்குப் போங்க! யாரும் மிதிக்காதீங்க!"

"ஏறுங்கன்னீங்க, ஏறிட்டோம். இனி எறங்க மாட்டோம்க்கா!" செல்லக்கிளி சிரித்துக்கொண்டே ஓங்கி மிதித்தாள். பின்னால் வந்தவர்களும் ஓங்கி மிதித்தார்கள்.